செமிலாக் கோடு ஏன் வளைகிறது?

கேள்வி: திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் ஆலை ஆய்வகத்தில் பயிற்சி பெறுகிறேன், ஐயா. வெளுத்து முடித்த பெராக்சைடு தண்ணீரில் கேடலேஸ் நொதி சேர்த்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்துப் மிச்சப் பெராக்சைடு எவ்வளவு என்று பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்தேன் (டைட்ரேஷன்). பியூரெட்டில் செலவான பெர்மாங்கனேட் அளவுகள்: 25.6, 13.4, 7.6, 4.4, 3.1 மி.லி. செமிலாக் தாளில் (ஓர் அச்சு மட்டும் மடக்கை, அதாவது லாக் அளவில் இருக்கும் வரைதாள்) குறித்தால் கோடு போகப்போகப் படுத்துவிடுகிறது. இரண்டாம் வகை வினை (வேகம் செறிவின் இருமடிக்கு ஏற்ப மாறுவது) என்று எழுதிவிடலாமா?
– பயிற்சி மாணவி, அவிநாசி

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மணி. 80 நிமிடம் வரை விடாமல் அளந்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பலர் செறிவு பாதியானதும் நிறுத்திவிடுகிறார்கள். அதுவரை எந்த வகை வினையும் ஏறக்குறைய நேர்கோடாகத்தான் தெரியும். பிழையே இல்லாத இரண்டாம் வகை வினையை ஓர் அரைவாழ்காலம் (செறிவு பாதியாகும் நேரம்) மட்டும் அளந்து மடக்கையில் போட்டால்கூட, கணினி 0.99 பொருத்தம் என்று சொல்லும்! உண்மை தெரிவது இரண்டு மூன்று அரைவாழ்காலம் கடந்த பிறகுதான்.

இரண்டாம் வகை என்றால் அளவின் தலைகீழி (1/அளவு) நேர்கோடாக ஏற வேண்டும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன்: 0.039, 0.075, 0.132, 0.227, 0.323. முதல் 20 நிமிடத்தில் 0.036 ஏறியது, மூன்றாவது 20 நிமிடத்தில் 0.096 ஏறுகிறது. அதுவும் நேராக இல்லை. ஆகவே இரண்டாம் வகையை விட்டுவிடுங்கள்.

எனக்குச் சந்தேகம் வெற்றுத் தரம்பார்த்தலில், அதாவது பெராக்சைடு இல்லாத மாதிரியைத் தரம் பார்த்துக் கழிப்பதில். வெளுக்கும் தண்ணீரில் சோப்பு, ஈரமூட்டி எல்லாம் இருக்கும்; அவையும் பெர்மாங்கனேட்டைக் குடிக்கும். 1.5 மி.லி. அப்படிப் போகிறது என்று வைத்துக் கழித்தால் 24.1, 11.9, 6.1, 2.9, 1.6 வருகிறது. ஒவ்வொரு 20 நிமிடத்திலும் ஏறக்குறையப் பாதி! அதாவது முதல் வகை வினை: வேகம் செறிவுக்கு நேர்விகிதம், செமிலாக் தாளில் நேர்கோடு. தொடக்கத்தில் 25 மில்லிக்குள் மறைந்திருக்கும் அந்த ஒன்றரை மில்லி, கடைசி அளவில் பாதியாகிவிடுகிறது. வால் வளைவது அதனால்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த 1.5 என் ஊகம். கோட்டை நேராக்க எண்ணைத் தேடிப் பிடிப்பது ஆய்வாகாது, அளந்தே தீர வேண்டும். மிச்சத் தண்ணீரை நொதியோடு இரவு முழுதும் வைத்து, பெராக்சைடு அறவே இல்லை என்று சோதனைத் தாளில் உறுதி செய்துகொண்டு, அதே அளவு மாதிரியை அதே கந்தக அமிலத்தில் விட்டுத் தரம் பாருங்கள். வருவதை எல்லாவற்றிலும் கழியுங்கள்.

கழித்த பின்னும் வளைந்தால், நொதி செயலிழந்துகொண்டே வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெராக்சைடே கேடலேஸைக் கெடுக்கும். கடைசியில் புதிதாகக் கொஞ்சம் பெராக்சைடு ஊற்றி அளந்தால், பழைய சரிவு திரும்புகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நேராக வந்தால் வேக மாறிலி நிமிடத்துக்குச் சுமார் 0.034. கோட்டைக் கடைசிப் புள்ளிக்காக இழுக்காதீர்கள், 1.6 மில்லியில் 0.1 பிசகினாலே ஆறு சதவீதம்.

கேள்வி: வினையின் வேகத்தை முதன்முதலில் அளந்தவர் யார்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஜெர்மானியர் வில்ஹெல்மி, 1850இல். கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடைவதை, முனைவுற்ற ஒளி திரும்பும் கோணத்தால் பின்தொடர்ந்தார். கோணம் வலப்புறம் தொடங்கி, சுழியைத் தாண்டி இடப்புறம் போய் முடியும். இடப்புறக் கோணம் எதிர்ம எண், அதற்கு மடக்கை கிடையாது; ஆகவே அந்த இறுதிக் கோணத்தைக் கழிக்காமல் அங்கே மடக்கையே எடுக்க முடியாது.