பதில்: அரக்கனின் முன்கதை அவனுடைய கொலைகளை நியாயப்படுத்துகிறதா?

உங்கள் தொடரில் அரக்கன் சாகும் அத்தியாயத்தில் அவனுடைய மனிதப் பிறவியின் கதையைச் சேர்த்ததும், கொலைகளுக்கு நீங்கள் நியாயம் கற்பிப்பதாக வாசகர்கள் குறை கூறுவதாக எழுதியிருந்தீர்கள். முன்கதையை நீக்க வேண்டாம். 'கிமெட்சு நோ யைபா' என்ற ஜப்பானிய மாங்கா (படக்கதை) தொடரில் வரும் அரக்கன் அகாஸாவை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். (முடிவை அறிய விரும்பாதோர் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.)

நோயுற்ற தந்தையையும், பின்னர் கிணற்றில் கலக்கப்பட்ட நஞ்சால் குருவையும் மணக்கவிருந்த கொயுகியையும் இழந்த ஹகுஜி (அகாஸாவின் மனிதப் பெயர்), அந்த நஞ்சைக் கலந்த பயிற்சிக்கூடத்தைச் சேர்ந்த 67 பேரை வெறுங்கையால் கொன்றது அரக்கனான பிறகல்ல, மனிதனாக இருந்தபோதே என்பதால், பழியை, அவனை அரக்கனாக்கிய மூஸானின் இரத்தத்தின் மீது மட்டும் சுமத்திவிட முடிவதில்லை. மேலும், அவன் போரிடுகையில் காலடியில் விரியும் பனித்துகள் வடிவம் கொயுகியின் கொண்டை ஊசியை ஒத்தது. அவன் பெண்களைக் கொல்வதுமில்லை, உண்பதுமில்லை. மனித வாழ்வின் நினைவு அழிந்த பின்னும் அவனிடம் எஞ்சிய இந்தத் தடயங்கள் முன்கூட்டியே விதைக்கப்பட்டிருப்பதால், முன்கதை கடைசி நேரச் சலுகையாகத் தோன்றுவதில்லை.

என் கணிப்பில் உங்கள் குறை அங்கேதான் உள்ளது. இரண்டு மூன்று தடயங்களை முந்தைய அத்தியாயங்களில் சேருங்கள்; கொல்லப்பட்டவர்களின் உறவினர் எவரேனும் உங்கள் அரக்கனை மன்னிக்கும் காட்சி இருந்தால், அதை மட்டும் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.