கோழியைக் கொன்ற குட்டி

கேள்வி: ஐயா, தோட்டத்தில் மாடும் கொஞ்சம் கோழியும் வைத்திருக்கிறோம். காவலுக்கென்று நாய்க்குட்டி ஒன்று வாங்கி ஒரு மாதம் ஆகிறது. வாங்கும்போது இரண்டு மாதக் குட்டி என்றார்கள். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவதால் அவிழ்த்தே விட்டிருக்கிறோம். போன வாரம் ஒரு கோழியைக் கடித்துக் கொன்றுவிட்டது. மாலையில் வந்து பார்த்து, செத்த கோழியை அதன் முகத்தில் தேய்த்து நாலு அடி கொடுத்தேன். தலையைத் தொங்கப்போட்டு மூலையில் போய் உட்கார்ந்தது. தப்பென்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் இரண்டே நாளில் மறுபடி துரத்தல். எங்கள் கையெல்லாம் பல் பட்ட கீறல் வேறு. செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். குட்டி விற்றவரோ ஷாக் அடிக்கும் கழுத்துப்பட்டை வாங்கச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். செத்த கோழியைக் கழுத்தில் கட்டினால் புண் வரும், ஈ மொய்க்கும், எட்டினால் குட்டி அதையே தின்னும். ஷாக் பட்டை அதைவிட மோசம். வலி வரும் நொடியில் குட்டி எதைப் பார்க்கிறதோ அதன்மேல் பழி போடும். அது கோழியாக இருக்கலாம், மாடாக இருக்கலாம், உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். பட்டை விற்றவர் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

குட்டியை எப்படித் தண்டிப்பது என்று கேட்கிறீர்கள். காலையிலிருந்து மாலைவரை அதைக் கோழிகளோடு தனியே விட்டுப் போனது யார் என்று நான் கேட்கிறேன். ஓடுகிற பொருளைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருப்பது. துரத்தும் ஒவ்வொரு தடவையும் அதற்குக் கொண்டாட்டம். நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் அந்தப் பாடத்தைக் கோழிகளே சொல்லிக் கொடுத்துவிட்டன.

மூலையில் உட்கார்ந்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னாதே என்று சொன்ன பண்டத்தைத் தின்ற நாயோ தின்னாத நாயோ, எஜமானர் திட்டினால் அந்தக் குற்ற முகம் வந்தது. தப்பு செய்ததற்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் குட்டி தலையைத் தொங்கப்போட்டது உங்கள் கோபத்தைப் பார்த்துத்தான். மத்தியானம் செத்த கோழிக்கு மாலையில் விழுந்த அடியை அது கோழியோடு சேர்த்துப் பார்க்காது. நீங்கள் வீட்டுக்கு வருவதோடு சேர்த்துத்தான் பார்க்கும்.

சரி, என்ன செய்வது? கயிறு. என்னிடம் நாய்க் கேள்வி கேட்டு வருகிற எல்லோருக்கும் நான் சொல்கிற ஒரே மருந்து இதுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஐந்து மீட்டர் நீளத்தில், சுண்டுவிரல் கனத்தில், எடை குறைந்த கயிறு. நுனியில் முடிச்சோ வளையமோ இருந்தால் எதிலாவது சிக்கும், வெட்டி எறியுங்கள். கழுத்தில் கட்டாதீர்கள். குட்டி பாய்ந்து ஓடிக் கயிறு சுண்டும்போது அடி கழுத்தில் இறங்கும். நெஞ்சைச் சுற்றி வரும் பட்டையில் மாட்டுங்கள்.

கயிற்றின் மறுநுனியைக் கையில் பிடித்தபடி குட்டியோடு நில்லுங்கள். கோழிகள் அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் அது உங்கள் கையிலிருந்து தீனியை வாங்கித் தின்னும் நிதானத்திலும் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. முப்பது மீட்டராக இருந்தாலும் வெட்கப்படாதீர்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்ததா? அடுத்த நொடியே ஒரு வாய் கொடுங்கள். பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் பாடம் போச்சு. தனியாகத் தின்பண்டம் வாங்க வேண்டாம், அன்றைய தீனியில் பாதியை எடுத்து இதற்கென்று வையுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, அவ்வளவுதான். இந்த வயதில் குட்டி நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்கும். தூக்கம் கெட்ட குட்டிதான் மாலையில் பேய் பிடித்தமாதிரி கடித்துக்கொண்டு திரியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சில அடி நெருங்குங்கள். பாய்ந்தால் திட்டாதீர்கள், கயிற்றை இழுத்து அடக்கவும் வேண்டாம். நீங்கள் அவசரப்பட்டுக் கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் நகருங்கள்.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். ஒரு வயதுவரை. ஐந்தாறு மாதத்தில் சாதுவாகிவிடும், நமக்கும் நம்பிக்கை வரும். அங்கேதான் ஏமாறுவோம். என் நாயையே எட்டாம் மாதம் நம்பி அவிழ்த்துவிட்டு இரண்டு வாத்துகளைப் பறிகொடுத்திருக்கிறேன்.

ஆள் இல்லாத நேரத்தில் கயிறும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம். நிழல், தண்ணீர், கடிக்க ஒரு பொருள் வைத்து வேலி அடைத்த இடத்தில் விடுங்கள். பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து, எட்டாத கோழிகளைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருக்கும் குட்டி, அவிழ்த்ததும் முதலில் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்?

கைக் கடிக்கு வருகிறேன். இரண்டு மாதம் என்று விற்றவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஐந்து வாரக் குட்டி பார்க்கப் பஞ்சு பொம்மைமாதிரி இருக்கும், சீக்கிரம் விலை போகும், விற்பவருக்குத் தீனிச் செலவும் மிச்சம். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் வந்திருக்க வேண்டும். அடுத்த குட்டி வாங்கும்போது வாயைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவைகளோடு உருண்டு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. அதற்குமுன் பிரித்து விற்றால் அந்தப் பாடத்தை நாம் எடுக்க வேண்டியதுதான். பல் அழுந்தியதும் கையை உதறாதீர்கள், உதறினால் அதற்கு விளையாட்டு. சத்தமில்லாமல் எழுந்து போய்விடுங்கள். அரை நிமிடம் கழித்து வாருங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மாடு கன்று போட்டதும் விழும் நஞ்சுக்கொடியை எங்கே போடுகிறீர்கள்? நாய்க்கு எட்டும் இடத்திலா? நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அந்த வழியில் நாய்க்கு வரும், நாயின் மலம் தீவனத்தில் கலந்து மாட்டுக்குப் போகும், பிறகு சினை கலையும். ஆழமாகப் புதையுங்கள். தீவனம் இருக்கும் பக்கம் குட்டியைப் படுக்கவிடாதீர்கள். குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் நடக்கட்டும். மாட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை நாய்க்கு ஏற்றும் வேலை மட்டும் வேண்டாம். சில இன நாய்களுக்கு அது மூளைவரை ஏறி உயிரையே எடுத்துவிடும்.

தினமும் அரை மணி நேரம் கயிறு பிடிக்க ஆளில்லை என்றால் ஒளிக்காமல் எழுதுங்கள். அப்போது குட்டியைப் பழக்கும் பேச்சை விட்டுவிட்டுக் கோழிகளுக்கு வேலி அடைப்பதைப் பற்றிப் பேசலாம்.