கப் அடிக்காதவர் கோச் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. மாநில அளவில் டென்னிஸ் ஆடியவன். ஃபைனல் வரை போய்ப் போய்த் தோற்றதுதான் என் கதை. இப்போது ஓர் அகாடமியில் கோச் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். “கப் அடிக்காதவன் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பான்?” என்கிறார் மாமா. போகட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மாமாவிடம் இவான் லெண்டில் கதையைச் சொல்லுங்கள். டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாமில் 8 பட்டம், 270 வாரம் உலகின் முதலிடம். கப் அடிக்காதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஆனால் விம்பிள்டன் மட்டும் கடைசிவரை கைக்குச் சிக்கவில்லை. 1986-இல் பெக்கரிடமும் 1987-இல் பாட் கேஷிடமும் ஃபைனலில் தோற்றார். விம்பிள்டன் புல்தரையில் நடப்பது; 1990-இல் அதற்குப் பழக வேண்டும் என்று, களிமண் தரையில் நடக்கும், தான் மூன்று முறை ஜெயித்த பிரெஞ்சு ஓப்பனுக்கே போகவில்லை. அப்படியும் அரையிறுதியில் எட்பர்க் வெளியே அனுப்பிவிட்டார்.

அந்த லெண்டிலைத்தான் 2012 தொடக்கத்தில் பிரிட்டன் வீரர் ஆண்டி மர்ரே கோச்சாக வைத்துக்கொண்டார். அதற்குள் மர்ரே மூன்று கிராண்ட்ஸ்லாம் ஃபைனல் தோற்றிருந்தார், ஒரு செட்கூட எடுக்காமல். லெண்டில் வந்த பிறகும் அந்த வருட விம்பிள்டன் ஃபைனலில் ஃபெடரரிடம் தோல்வி. மைக்கைப் பிடித்தபடி மைதானத்திலேயே அழுதுவிட்டார். நான்கு ஃபைனல், நான்கும் தோல்வி. லெண்டிலுக்கும் இதே கணக்குதான்! முதல் நான்கையும் கோட்டைவிட்டு, ஐந்தாவதில், 1984 பிரெஞ்சு ஓப்பனில், மெக்கன்ரோவிடம் இரண்டு செட் பின்தங்கியிருந்து ஜெயித்தவர் அவர். நான்கு தோற்றவனின் மனம் எப்படி இருக்கும் என்பதை மர்ரே அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

நான்கே வாரத்தில், அதே புல்தரையில் அதே ஃபெடரரை வீழ்த்தி மர்ரே ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். செப்டம்பரில் ஜோகோவிச்சுடன் ஐந்து செட் ஆடி யு.எஸ். ஓப்பன், அவருக்கும் அது ஐந்தாவது ஃபைனல். 2013-இல் விம்பிள்டன், 1936-இல் ஃப்ரெட் பெர்ரி ஜெயித்த பிறகு ஒற்றையரில் அதை வென்ற முதல் பிரிட்டிஷ் ஆண். லெண்டில் வாங்காத கப்பை அவர் சிஷ்யன் வாங்கிவிட்டார்.

மாமாவுக்கு இது போதும். உங்களுக்குப் போதாது.

மர்ரே அப்போதே உலகின் முதல் நான்கு பேரில் ஒருவர். உங்களிடம் வரப்போவது ஏழு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சாதாரணப் பந்தைவிட வேகம் வெகுவாகக் குறைந்த சிவப்புப் பந்து, சின்ன கோர்ட், சின்ன ராக்கெட். அருகில் நின்று ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் கையால் பந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே உங்கள் பேக்ஹேண்டுக்கு வேலையே இல்லை. கூடை காலியானதும் பந்து பொறுக்குவதும் நீங்கள்தான். ஆடியவர்களுக்குப் பெரும்பாலும் இதில்தான் பொறுமை போய்விடும், “நான் ஆடுனப்போ...” என்று ஆரம்பித்துவிடுவார்கள். லெண்டில், கேலரியில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன் சில வாரம் காலை பேட்ச்சில் உதவிக்கு நில்லுங்கள். பிடித்தால், சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் லெவல் 1 கோச்சிங் கோர்ஸை முடித்துவிடுங்கள். அப்புறம் சம்பளம்: மாதச் சம்பளமா, பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்றா, மழையில் பேட்ச் நின்றால் என்ன கணக்கு, தனி வகுப்புக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.