போட்ரும் சரி, கோஸ் தீவு எதற்கு?

கேள்வி: ஜூலையில் 68 வயது அம்மாவுடன் துருக்கியின் போட்ரும் கடற்கரை ஊருக்கு நான்கு இரவு போகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட், ஐரோப்பிய நாடுகளுக்குப் பலமுறை போய்வரும் ஷெங்கன் விசா இருக்கிறது. ஒரு நாள் எபெசஸ் என்ற பழைய நகர இடிபாடுகள், ஒரு நாள் கோஸ் தீவு என்று ஏஜென்ட் பேக்கேஜ் போட்டுத் தந்திருக்கிறார். சரிப்பட்டு வருமா?

பதில்: வராது. முதலில் கோஸை வெட்டுங்கள்.

ஷெங்கன் விசா இருப்பதால் உங்களுக்குத் துருக்கி இ-விசா கிடைக்கும். இந்தியர்களுக்கு அது 30 நாள், ஒரே ஒரு நுழைவு. கோஸ் பக்கத்தில்தான் தெரியும், ஆனால் அது கிரேக்கம். காலையில் போட்ரும் துறைமுகத்தில் வெளியேறும் முத்திரை விழுந்ததும் அந்த விசாவின் கதை முடிந்தது. கோஸில் ஷெங்கனைக் காட்டி இறங்கிவிடுவீர்கள். சாயங்காலம் திரும்பினால், புது விசா இல்லாமல் துருக்கிக்குள் விடமாட்டார்கள். பெட்டி ஹோட்டலில் இருக்கும், அம்மா துறைமுகத்தில் இருப்பார். "இன்னும் 26 நாள் பாக்கி இருக்கிறதே" என்பார் ஏஜென்ட். நாள் கணக்கு வேறு, நுழைவுக் கணக்கு வேறு. "தீவுக்கு வாசலிலேயே விசா தருகிறார்களாமே" என்றும் சொல்லக்கூடும். அது 2024-ல் துருக்கிக் குடிமக்களுக்காக வந்த ஏற்பாடு, நமக்கு இல்லை. ஷெங்கனில் "பலமுறை" என்று போட்டிருக்கிறதே என்று நம்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் "பலமுறை" ஐரோப்பாவுக்குள் நுழையத்தான். இ-விசாத் தாளில் இந்த ஒரு வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அடித்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

இ-விசாவை நீங்களே எடுங்கள். தேடும்போது மேலே வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை. முகவரி 'கவ் டாட் டிஆர்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்தது எபெசஸ். போட்ருமிலிருந்து போக மட்டுமே சுமார் இரண்டரை மணி நேரம். ஹோட்டல் ஹோட்டலாக நின்று ஆள் ஏற்றும் நேரம் தனி. மலிவான ஒரு நாள் டூர் என்றால் வழியில் கம்பளக் கடை, தோல் கடை, நகைக் கடை என்று இறக்குவார்கள். ஆப்பிள் டீ இலவசம், உங்கள் நேரம்தான் விலை. இந்த வியாபாரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. கடை நிறுத்தம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இழுத்தால் ரத்து செய்யுங்கள். எபெசஸில் நிழல் குறைவு, பளிங்குத் தெரு வழுக்கும், இறக்கமும் உண்டு. ஜூலை வெயிலில் முட்டிவலிக்காரரை அங்கே நடத்தாதீர்கள். பார்த்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு முறை இஸ்மிர் விமான நிலையத்தில் இறங்கி, எபெசஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் செல்ச்சுக் ஊரில் ஓர் இரவு தங்குங்கள்.

பழமைக்காக நீங்கள் ஊரை விட்டே போக வேண்டியதில்லை. போட்ரும்தான் பழைய ஹாலிகார்னசஸ், வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றான மௌசோலஸ் மன்னனின் கல்லறை இங்கேதான் இருந்தது. இப்போது போனால் ஒரு பெரிய பள்ளமும் உருண்டு கிடக்கும் தூண் துண்டுகளும்தான். ஏமாற்றமாக இருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். கற்கள் எங்கே போயின? துறைமுகத்துக் கோட்டையின் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டு முதல் சிலுவை வீரர்கள் அவற்றைப் பெயர்த்து அங்கே அடுக்கினார்கள்.

அந்தக் கோட்டைக்குள்தான் கடலடித் தொல்லியல் அருங்காட்சியகம். 1982-ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் கண்ணில் பட்ட உலுபுருன் கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது: சுமார் 3,300 ஆண்டுப் பழமை, 10 டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம். பத்துக்கு ஒன்று, வெண்கலம் வார்க்கத் தேவையான கணக்கு அப்படியே கடலில் மூழ்கியிருக்கிறது. இதற்கே அரை நாள் ஒதுக்குங்கள். கோட்டையில் ஏற்றமும் படியும் உண்டு, அதனால் திறந்தவுடன் போய்விடுங்கள். அம்மா முடிந்தவரை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளட்டும்.

மற்றபடி ஆடம்பரப் படகு வேடிக்கைக்கு யாலிகாவாக் மரீனா. பேருந்து நிலையத்திலிருந்து டோல்முஷ் என்கிற மினி வேன் போகும். மீனை எடை போட்டு விற்கும் உணவகத்தில் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஏஜென்டிடம் கோஸ், எபெசஸ் இரண்டையும் கழித்துப் புது ரசீது கேளுங்கள். "பேக்கேஜில் பிரிக்க முடியாது" என்றால், ஹோட்டலை நீங்களே தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.