எலியை எண்ணுவதா, நியூரானை எண்ணுவதா?

கேள்வி: மருந்து கொடுத்த 15 எலிகள், கொடுக்காத 15 எலிகள். நினைவாற்றல் சோதனையில் வித்தியாசம் தெரிந்தது, பி மதிப்பு (மருந்து வேலையே செய்யாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவாவது வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.03. அதே 15-15 கணக்கில் திரும்பச் செய்தபோது ஒன்றும் வரவில்லை. முதல் முடிவு பொய்யா?

பதில்: பொய் என்று சொல்லிவிட முடியாது, எண்ணிக்கை போதவில்லை. மருந்தால் வரும் உண்மையான வித்தியாசம் அரைத் திட்ட விலக்கம் (எலிக்கு எலி மதிப்பெண் சிதறும் அளவில் பாதி) என்று வையுங்கள். குழுவுக்கு 15 எலி என்றால் ஆய்வின் பவர், அதாவது உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு, சுமார் 26 சதவீதம். மருந்து நிஜமாகவே வேலை செய்தாலும், நாலு தடவையில் ஒரு தடவைதான் பி வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே விழும்.

இதில் இன்னொரு வம்பு. 15-15-ல் அந்த 0.05 எல்லையைத் தாண்ட, வித்தியாசம் குறைந்தது 0.75 திட்ட விலக்கமாவது வந்தாக வேண்டும். உங்கள் 0.03-க்கு அது 0.84 அளவில் இருந்திருக்கும். ‘வெற்றி’ பெறும் சின்ன ஆய்வு பெரும்பாலும் வித்தியாசத்தை ஊதித்தான் காட்டும். அந்த 0.84-ஐ நம்பி அடுத்த ஆய்வைத் திட்டமிட்டால் குழுவுக்கு 24 எலி போதும் என்று கணக்கு சொல்லும். நிஜத்தில் 80 சதவீத பவருக்கு 64 வேண்டும்.

இது உங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் வந்த வினை அல்ல. 2013-ல் ‘நேச்சர் ரிவியூஸ் நியூரோசயின்ஸ்’ இதழில் பட்டனும் சகாக்களும் நரம்பியல் ஆய்வுகளின் இடைநிலை பவரை 21 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி, நீர்த்தொட்டிச் சோதனையில் (நீருக்குள் மறைந்த மேடையை எலி நினைவில் வைத்துத் தேடுவது) ஆண், பெண் எலிகளின் வித்தியாசத்தை 80 சதவீத பவரில் பிடிக்க மொத்தம் 134 எலி தேவை. ஆய்வுகளில் இருந்ததோ சராசரியாக 22.

அதற்காக, பி இறங்கும்வரை இரண்டு இரண்டு எலியாகச் சேர்த்துப் பார்க்காதீர்கள்; தவறான ‘கண்டுபிடிப்பு’க்கு அதுவே குறுக்குவழி. மருந்துக்கு முன்பும் ஒரு அளவு எடுத்து வையுங்கள். அது மருந்துக்குப் பிந்தைய அளவோடு 0.7 அளவுக்கு ஒத்துப்போனால் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்), அதைக் கணக்கில் சேர்த்த உடனே 64 என்பது 33 பக்கம் இறங்கிவிடும். விலங்கு நெறிக்குழுவும் சந்தோஷப்படும்.

கேள்வி: 5 எலிகளில், எலிக்கு 10 நியூரான் பதிவு செய்தோம். மாதிரி அளவு 50 என்று எழுதலாமா?

பதில்: கூடாது. ஒரே எலியின் நியூரான்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமை (0 முதல் 1 வரையிலான அளவில்) 0.5 என்றால், 50-ஐ 5.5-ஆல் (1 + 9 × 0.5) வகுக்க வேண்டும், தேறுவது 9. எலிக்கு 100 நியூரான் பதிவு செய்தாலும் தேறுவது 10-ஐ எட்டாது. எலியைக் கூட்டுங்கள்.