ரெஸ்டாரன்ட்ல வைன் பாட்டில் சொன்னா ஏன் முதல்ல கொஞ்சமா மட்டும் ஊத்தி குடுக்குறாங்க?

பாரிஸ், ரோம் பக்கம் பாட்டில் வைன் சொன்னா சர்வர் நம்ம முன்னாடியே தொறந்து, ஆர்டர் பண்ணவருக்கு மட்டும் ஒரு வாய் ஊத்திட்டு நிப்பாரு, வைன் கெட்டுப்போயிருக்கான்னு நாம பாத்து சொல்றதுக்குத்தான் அது. பாட்டிலை அடைக்கிற கார்க்ல குளோரின் கலந்த பொருள் மேல பூஞ்சை வேலை செஞ்சா டிசிஏன்னு ஒரு கெமிக்கல் உருவாகும், அது வைன்ல லிட்டருக்கு சில நானோகிராம் இருந்தாலே போதும், பழ வாசனையெல்லாம் அமுங்கி நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வந்துரும். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த சாயங்காலமே வீணாப்போயிடும். காபி கலக்குறதுக்கு முன்னாடி பால் திரிஞ்சிருக்கான்னு பாப்போம்ல, அதே கதைதான். கிளாஸை லேசா சுத்தி மோந்து பாத்தாலே போதும், டவுட்டா இருந்தா கூச்சப்படாம சர்வரையே மோந்து பாக்க சொல்லுங்க. நிறைய பேரு நெனைக்கிற மாதிரி "புடிச்சிருக்கா"ன்னு கேக்குறதுக்கு இல்ல இது, கெடாத வைனை டேஸ்ட் புடிக்கலன்னு திருப்பி அனுப்பினாலும் பொதுவா பில்லுல அதுக்குக் காசு வந்துரும்.