மச்சான் வாங்கும் கராஜில் என் ஓய்வுப் பணத்தைப் போடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 52. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. இழப்பீடாக 2,40,000 ராண்ட் வருகிறது. சேமநிதியில் 9,60,000 ராண்ட் இருக்கிறது. வீட்டு பாண்டில் (வீட்டுக் கடனில்) 1,10,000 ராண்ட் பாக்கி, வட்டி 10.5%. மாதச் செலவு பாண்ட் தவணையோடு சேர்த்து 18,000 ராண்ட். மனைவிக்கு வருமானம் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். என் மச்சான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெட்ரோல் கராஜை (பெட்ரோல் பங்கை) விலை பேசி வைத்திருக்கிறார். நான் 10 லட்சம் ராண்ட் போட்டால் கால் பங்கு தருவாராம். மூன்று வருடமாக விற்பனை இறங்கியதால்தான் மலிவாகக் கிடைக்கிறது, சீக்கிரம் ஏறிவிடும் என்கிறார். மகளோ, பெட்ரோல் விற்பனை குறைந்தால் நாட்டின் பொருளாதாரமே சரிகிறது என்று அர்த்தம், பணத்தைத் தங்கமாக மாற்றிவிடுங்கள் என்கிறாள். புரட்டாசி முடிந்ததும் மச்சானுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள ஐயா, பணத்தைப் போடாதீர்கள். மச்சானின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பதிலை அவரிடம் அப்படியே காட்டலாம்.

முதலில் உங்கள் மகள் சொன்னது. அதில் உண்மை இருக்கிறது. என் அப்பா டர்பன் வாரிக் சந்திப்பிலுள்ள அதிகாலைச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பக்கி (சிறு சரக்கு வண்டி) ஓட்டியவர். ஒவ்வொரு முறை எரிபொருள் போடும்போதும் லிட்டரையும் தேதியையும் நீலக் கட்டம் போட்ட நோட்டில் குறித்து வைப்பார். 2008 கடைசியில் அந்த நோட்டில் வரிகள் குறையத் தொடங்கின. வாரம் ஆறு நடை போனவர் நான்கு நடைதான் போனார். கூடை கூடையாக எடுத்த சில்லறை வியாபாரிகள் அரைக் கூடையோடு நிறுத்திக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் பொருளாதாரம் 2009-ல் சுருங்கியது என்று செய்தித்தாளில் படித்தபோது எங்கள் வீட்டில் யாருக்கும் அது புதிய செய்தியாக இருக்கவில்லை.

ஆனால் லிட்டர் குறைந்தாலே சரிவு என்று இந்த நாட்டில் கணக்குப் போட முடியாது. 2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மின்வெட்டு. கசாப்புக் கடை முதல் பெரிய அங்காடி வரை ஜெனரேட்டர் ஓடியது. அரசு மின் நிறுவனமான எஸ்காமே அங்கர்லிக், கூரிக்வா நிலையங்களில் டீசலை எரித்து மின்சாரம் எடுத்தது. டீசல் ஆறாக ஓடிய அந்த ஆண்டு நமக்கு நல்ல ஆண்டா? 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்றது, ஜெனரேட்டர்கள் ஓய்ந்தன. அப்படிக் குறைந்த டீசல் நமக்கு நிம்மதிதான். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும் லாரி வரிசையும் அப்படித்தான். ரயிலில் போக வேண்டிய சரக்கு, ரயில் தடுமாறியதால் சாலைக்கு வந்தது. அங்கே எரியும் ஒவ்வொரு லிட்டரையும் வளர்ச்சி என்று எண்ண முடியாது.

பெட்ரோல் கதை வேறு. பத்தாண்டுகளுக்கு மேலாகவே அதன் விற்பனை மெல்ல இறங்கி வருகிறது. டீசல் எப்போதோ முந்திவிட்டது. சிறிய கார்களும் ஹைபிரிட் கார்களும் பெருகிவிட்டன. 2020 ஊரடங்குக்குப் பிறகு பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். 2022 ஜூலையில் உள்நாட்டுப் பகுதிகளில் லிட்டர் 26 ராண்டைத் தாண்டியபோது, தேவையற்ற பயணத்தை விட்ட குடும்பங்களில் பல இன்னும் பழைய வழக்கத்துக்குத் திரும்பவில்லை. கராஜில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். டேங்க் நிரப்பச் சொல்கிறவர்களைவிட, நூறு ராண்டுக்குப் போடுங்கள், ஐம்பதுக்குப் போடுங்கள் என்கிறவர்களே அதிகம். கையை நீட்டி நோட்டைக் கொடுக்கும்போதே அவர்கள் கண் மீட்டரில்தான் இருக்கும். இதில் வறுமையும் இருக்கிறது, மாறிப்போன பழக்கமும் இருக்கிறது. வறுமை நீங்கினாலும் மாறிய பழக்கம் பழையபடி திரும்பாது. மச்சான் "ஏறிவிடும்" என்பதை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

இனி கராஜின் கணக்கு. பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை அது மாறும். கராஜ்காரருக்குக் கிடைக்கும் லாபமும் லிட்டருக்கு இத்தனை காசு என்று அந்த விலைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. விலை ஏறினால் அவருடைய பங்கு ஏறாது. டேங்கர் இறக்க முடக்கும் பணம்தான் ஏறும். 30,000 லிட்டர் டேங்கருக்கு, லிட்டர் 20 ராண்ட் என்றால் 6 லட்சம் வேண்டும். 24 ராண்ட் ஆனால் 7,20,000 வேண்டும். அதே லிட்டர், அதே லாபம், கூடுதல் முதல்.

லாபம் லிட்டருக்கு 2 ராண்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சம் லிட்டர் விற்றால் 6 லட்சம். விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் மாதத்துக்கு 1,20,000 ராண்ட் போய்விடும். ஆனால் இரவுப் பணியாளரின் சம்பளம், வாடகை, மின்கட்டணம், பாதுகாவல் எதுவும் ஐந்தில் ஒரு பங்கு குறையாது. ஆளில்லாமல் வாடிக்கையாளரே போட்டுக்கொள்ளும் முறைக்கு இங்கே அனுமதி இல்லை. இத்தனை குடும்பங்கள் அந்த வேலையால் சாப்பிடும்போது அது இருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. ஆக, நாடு சரிகிறதா இல்லையா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், குறைகிற லிட்டர் கராஜ் முதலாளியின் சட்டைப் பையிலிருந்துதான் குறைகிறது. கால் பங்கு வைத்திருப்பவரால் ஒரு முடிவையும் மாற்ற முடியாது. நஷ்டத்தில் மட்டும் அவருக்குப் பங்கு உண்டு.

இப்போது உங்கள் பணம். இதைக் கவனமாகப் படியுங்கள். ஆள்குறைப்பு இழப்பீடும், அதை ஒட்டி எடுக்கும் சேமநிதியும் ஒரே வரி அட்டவணையில் சேரும். 2023 மார்ச் முதல் அமலான அட்டவணைப்படி முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. இது வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே சலுகை. அதற்கு மேல் 7,70,000 வரை 18%, 11,55,000 வரை 27%, அதற்கும் மேல் 36%. நீங்கள் முழு 12 லட்சத்தையும் எடுத்தால், முன்பு எந்தச் சலுகையும் எடுத்திராவிட்டாலும், வரி 1,59,750 ராண்ட். கையில் வருவது 10,40,250. மச்சானுக்கு 10 லட்சம் கொடுத்த பிறகு மிஞ்சுவது 40,250. உங்கள் வீடு அதில் இரண்டு மாதம் ஓடும். இருபத்துநான்கு வருட உழைப்பு இப்படிக் கரைவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நான் சொல்வது இதுதான். சேமநிதியை எடுக்காமல் ஒரு பாதுகாப்பு நிதிக்கு (வேலையை விட்ட பிறகும் ஓய்வுப் பணத்தைக் காத்து வைக்கும் preservation fund) மாற்றுங்கள். அந்த மாற்றத்துக்கு வரி இல்லை. 55 வயது முதல் அதிலிருந்து ஓய்வு பெறலாம். தாங்க முடியாத அவசரம் வந்தால் அதற்கு முன் ஒரு முறை எடுக்கவும் வழி உண்டு, ஆனால் அப்போது வரி மேலும் கடுமையாக இருக்கும். 2024 செப்டம்பர் 1-க்குப் பின் கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கை ஓய்வு வரை தொட முடியாது. நீங்கள் சொன்ன தொகை அதற்கு முந்தையது என்று எடுத்துக்கொண்டே கணக்கிட்டிருக்கிறேன்; நிதி அலுவலகத்திடம் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

இழப்பீட்டில் 1,08,000 ராண்டை, அதாவது ஆறு மாதச் செலவை, உடனே எடுக்கக்கூடிய சேமிப்பில் வையுங்கள். 1,10,000-ல் பாண்டை அடையுங்கள். 10.5% வட்டியை மிச்சப்படுத்துவதற்கு ஈடாக உறுதியான வருமானம் தரும் வேறு முதலீடு எதையும் என்னால் உங்களுக்குக் காட்ட முடியாது. தவணை நின்றதும் மாதச் செலவும் இறங்கும். யு.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) கோரிக்கையைத் தாமதிக்காமல் கொடுங்கள். 24 ஆண்டுகள் உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம் அது. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

தங்கத்தைப் பற்றி ஒரு வரி: மகளின் கல்யாணத்துக்கு ஒரு சங்கிலி வாங்கினால் சந்தோஷம், ஆனால் தங்கம் மாதாமாதம் வீட்டுச் செலவுக்குப் பணம் தராது.

மச்சானை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. உதிரிபாகக் கிடங்கின் இருப்புக் கணக்கு உங்களுக்குக் கைவந்த வேலையாக இருந்தால், சம்பளத்துக்கு மேலாளராக வருகிறேன் என்று சொல்லுங்கள். முதல் போட வேண்டாம். அவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன் 36 மாத டேங்கர் ரசீதுகளையும், நிலத்தடித் தொட்டிகளின் தினசரி அளவுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கட்டும். விற்பவர் காட்டும் விற்பனைக் கணக்கு மட்டும் போதாது. ரசீதும் பதிவேடும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் ஒன்று திருட்டு, இல்லையென்றால் கசிவு. கசிந்த மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு ஒரு கராஜையே விழுங்கும். பழைய முதலாளியின் சில்லறை விற்பனை உரிமம் தானாகக் கைமாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அவர் எந்தப் பிணைப் பத்திரத்தை நீட்டினாலும், உறவுக்காகக்கூட, நீங்களோ உங்கள் மனைவியோ கையெழுத்திட வேண்டாம். வீடு அதில்தான் போகும்.

ரசீதுகள் கிடைத்ததும் நகலை எனக்கு அனுப்புங்கள். மச்சானையும் அழைத்து வந்தால், மூவரும் உட்கார்ந்து லிட்டர் லிட்டராகப் பார்ப்போம்.